ஜெனிக்குக் கத்தி வைக்கலாமா

பல்லாவரத்தில் இன்று பேருந்து நின்றபோது ஜன்னல் வழியாக அந்த வாடை வந்தது. பதப்படுத்திய தோலும் மருந்தும் கலந்த வாடை. பக்கத்தில் இருந்த பெண் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம் சாய்ந்தேன். எனக்கு அது உங்கள் சட்டை.

தோல் கம்பெனியிலிருந்து வந்ததும் குளிக்காமல் நம் குழந்தையைத் தொடக்கூடாது என்று உங்களுக்குச் சட்டம் போட்டிருந்தேன். ஜெனிக்கு வலி வரும் நாட்களில் அது செல்லாமல் போகும். முழங்காலை வயிற்றோடு மடக்கிச் சுருண்டு கிடப்பவள், நீங்கள் வந்ததும் உங்கள் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். "இதோ போயிடும்டா, இதோ போயிடும்" என்று முதுகைத் தடவிக்கொண்டே இருப்பீர்கள்.

பூச்சி என்றார்கள். வாயு என்றார்கள். பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் நடிக்கிறாள் என்றுகூட ஒருவர் சொன்னார். ஸ்கேன் எடுத்த பிறகுதான் கணையம் என்ற பெயரே நம் வீட்டுக்குள் நுழைந்தது. நாள்பட்ட அழற்சி, கணையக் குழாய்க்குள் கற்கள். அன்றோடு சமையலில் எண்ணெய் நின்றது. கிறிஸ்துமஸுக்கு நாம் மூன்று பேரும் இட்லிதான் சாப்பிட்டோம். அவள் முன்னால் வேறு எதையும் தின்ன உங்களுக்கு மனம் வரவில்லை.

வாய் வழியாகக் குழாய் விட்டு அடைப்பை எடுத்துப் பார்த்தார்கள். சில மாதங்கள் நன்றாக இருந்தாள். பிறகு மறுபடியும் வலி. அப்போதுதான் அறுவை சிகிச்சைப் பேச்சு வந்தது. வயிற்றைத் திறந்து, வீங்கிய கணையக் குழாயை நீளவாக்கில் பிளந்து, குடலோடு சேர்த்துத் தைப்பார்களாம்.

நான் செய்துவிடலாம் என்றேன். நீங்கள் கூடாது என்றீர்கள்.

"பத்து வயசு கொழந்தைக்குக் கத்தி வைக்கறதா? இன்னும் ரெண்டு வருஷம் பாக்கலாம், டீச்சர்." கோபம் வந்தால்தான் என்னை டீச்சர் என்பீர்கள்.

"ரெண்டு வருஷம் நாம பாப்போம். அவதானே வலியில கெடப்பா?"

அதன் பிறகு சாப்பாடு, சாவி, பால் என்று தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டோம். தாம்பரத்திலிருந்து எக்மோர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மின்சார ரயிலில் ஜெனி உங்கள் மடியில் தலையும் என் மடியில் காலுமாகத் தூங்குவாள். நாம் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவோம்.

முடிவு சொல்ல வேண்டிய நாளில் அறுவை சிகிச்சை டாக்டர் அவசரப்படவே இல்லை. எடை குறைந்திருக்கிறதா, வலி எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, பள்ளிக்கூடம் எத்தனை நாள் விட்டுப்போயிற்று, வலி மாத்திரை இல்லாமல் இருக்க முடிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"மாசத்துக்கு ஒரு தடவைதான் சார் வருது. முன்ன மாதிரி இல்ல" என்றீர்கள்.

டாக்டர் ஜெனி பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. வலி எப்பல்லாம் வரும்?"

அவள் உங்களைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நெறைய வரும் அங்கிள். ஸ்கூல்ல வந்தா பெஞ்சுல படுத்துப்பேன். வீட்ல வந்தா பாத்ரூம்ல போய் ஒக்காந்துப்பேன். சொன்னா அப்பா அழுவாரு."

உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீங்கள் எழுந்து வெளியே போனீர்கள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தீர்கள்.

"பண்ணினா வலி சுத்தமா போயிடுமா சார்?"

"பெரும்பாலும் குறையும். திரும்ப வராதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. நோய் போகாது. பின்னால சர்க்கரை வரலாம். அது பண்ணினாலும் வரலாம், பண்ணாட்டியும் வரலாம்."

"காத்திருந்தா?"

"கணையம் அதுபாட்டுக்குக் கெட்டுக்கிட்டே இருக்கும். காத்திருக்கறதும் ஒரு முடிவுதான் சார்."

நீங்கள் ஜெனியின் முன்னால் குனிந்தீர்கள். "இனிமே வலிச்சா அப்பாகிட்டச் சொல்லணும். அப்பா அழுதா அழுதுட்டுப் போறேன். என்னடா?" அவள் தலையாட்டினாள். பிறகு சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் கொடுத்து, "நீயும் போடு" என்றீர்கள். ஒரே கையெழுத்து போதும் என்று நர்ஸ் சொல்லியும் கேட்கவில்லை. பின்னாளில் ஏதாவது ஆகிவிட்டால் என்னை நீங்களோ உங்களை நானோ குற்றம் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக என்று அன்றே எனக்குப் புரிந்தது.

அறுவை சிகிச்சை அன்று முழுக்க நாம் வராண்டாவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மாலையில் ஆயா வந்து, "இன்னாத்துக்கும்மா அழுவுற? பாப்பா கண்ணு முழிச்சுக்கினு தண்ணி கேக்குது" என்றாள். நீங்கள் அந்த அம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

வலி ஒரேயடியாகப் போகவில்லை. ஆனால் வருவது அபூர்வமாயிற்று. ஜெனி வளர்ந்தாள், சதை பிடித்தாள், மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினாள். சாப்பாட்டோடு ஜீரண மாத்திரை மட்டும் தொடர்ந்தது. அவள் திருச்சியில் கல்லூரி விடுதிக்குப் போனதைப் பார்த்துவிட்டு, அதே வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் போய்விட்டீர்கள்.

இந்த மே மாதம் அவளுக்குச் சர்க்கரை வந்துவிட்டது. இன்சுலின் ஆரம்பிக்க வேண்டும் என்றார்கள். அவள் திருச்சியிலிருந்து அனுப்பிய ரிப்போர்ட்டை நம் டாக்டரிடம் காட்ட நான் மட்டும் போனேன். எதிர்பார்த்ததுதான் என்று அவர் சொன்னபோது நான் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். அதில் என் கைப்பை இருந்தது. நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, இனி நான் ஒருத்தியாகத்தான் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டும். சேலையூர் வீட்டில் விளக்கைப் போட்டுவிட்டு, உங்களிடம் சொல்வதுபோலச் சத்தமாகச் சொல்லியும் பார்த்தேன். என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் போன் செய்தபோது கேட்டேன். "அந்த வலியெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்காடி?"

கொஞ்சம் யோசித்தாள். "வலிச்சுதுன்னு தெரியும்மா. எப்படி வலிச்சுதுன்னு ஞாபகமே இல்ல. ட்ரெயின்ல வேர்க்கடலை கேட்டா வாங்கித் தர மாட்டீங்களே, அந்தக் கோவம்தான் இன்னும் இருக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

நம் மூன்று பேருக்குத் தெரிந்த வலி அது. அவள் மறந்துவிட்டாள். நீங்கள் போய்விட்டீர்கள். குளியலறைக் கதவுக்குப் பின்னால் சத்தம் வராமல் உட்கார்ந்திருந்த அந்தச் சின்னப் பெண்ணை இப்போது நான் மட்டும்தான் நினைவில் வைத்திருக்கிறேன். பரவாயில்லை, இருக்கட்டும். அவள் மறக்க வேண்டும் என்றுதானே இருவரும் கையெழுத்துப் போட்டோம்.