அந்த டிரைவருக்காக ஒரு ஜெபம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தேவ கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். என் ஞானஸ்நானத்துக்கு நீயும் மச்சானும் வந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் சாப்பிடாமல், ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிவிட்டீர்களே, இது நியாயமா? "உங்க அக்கா எங்கே?" என்று சபையார் கேட்டபோது அசடு வழிந்து நின்றேன்.

தொட்டியில் முங்கி எழுந்ததும் பழைய குடிகாரன் அங்கேயே முடிந்துவிட்டான், அக்கா. சபை முன்னால் நான் சொன்ன சாட்சி எப்படி இருந்தது? பாஸ்டர் இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புதுப்பிறவி எடுத்திருக்கும் உன் தம்பி

மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

சாட்சி நன்றாகத்தான் இருந்தது. பொய்தான் கொஞ்சம் தூக்கல்.

"பேக்கரி வேன்ல நான் குடிச்சிட்டுப் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். டிரைவர் கண்ணு மண்ணு தெரியாம ஓட்டி, சைக்கிள்ல வந்த நர்ஸம்மா மேல ஏத்திட்டாரு" என்றாயே. ஓட்டியது யார்? நீ. வேன் டிரைவரான உன் மச்சான்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உன் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது என்று உன் மச்சான் பழியை ஏற்றுக்கொண்டார். ஐந்து மாதம் ஜெயில். லைசென்ஸ் போனது. ஏழு வருஷமாக அதே பேக்கரியில் தட்டு கழுவுகிறார். அந்த நர்ஸம்மா இன்னமும் நொண்டித்தான் நடக்கிறாள்.

"அந்த டிரைவர் மனந்திரும்பணும்னு ஜெபம் பண்ணுவோம்" என்று பாஸ்டர் சொன்னதும் சபையே எழுந்தது. இவரும் எழுந்தார், இஸ்திரி போட்ட சட்டையோடு. கை கூப்பி ஆமென் சொன்னார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குப் பிறகு உன் விருந்து என் தொண்டையில் இறங்குமா?

அக்கா

மார்ச் 15

அக்கா,

கோபிக்காதே. கோர்ட் காகிதத்தில் அப்படித்தானே இருக்கிறது? மாற்றிச் சொன்னால் பொய் சொன்னதற்காக மச்சானும் மாட்டுவார். தவிர, ஓட்டியவன் செத்துப்போனான். இப்போது இருப்பவன் வேறு ஆள். தேவன் மன்னித்ததை நீ ஏன் கிளறுகிறாய்?

தம்பி

மார்ச் 20

தம்பி,

செத்துப்போனவன் செய்ததற்கு உயிரோடிருக்கிற மனுஷன் எதற்குத் தட்டு கழுவுகிறார்? தேவன் மன்னித்தார், சரி. இவரிடம் எப்போது கேட்டாய்?

அக்கா

ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து ஜெபம் பண்ணவே கூசியது. ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து, "நீங்க ஜெபம் பண்ணின டிரைவர் நான்தான். அன்னைக்கு மூணாவது வரிசையில ஆமென் சொன்ன என் மச்சான் எனக்காக ஜெயிலுக்குப் போனவர்" என்றேன். என் பெண்டாட்டிக்கும் அப்போதுதான் தெரியும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

பாஸ்டர் மட்டும் என் பின்னாலேயே வெளியே வந்து, "ஸ்டேஷனுக்குக் கூட வரட்டுமா?" என்று கேட்டார். வருகிற திங்கட்கிழமை போகலாம் என்றிருக்கிறேன். ஆனால் மச்சானையும் அது இழுக்குமே. நேரில் வந்து கேட்க முகம் இல்லை, அக்கா. வெட்கத்தில் செத்துக்கொண்டிருக்கிறேன். அவர் என்ன சொல்கிறார் என்று எழுது.

தம்பி

ஏப்ரல் 12

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "மாப்ளை தனியாப் போக வேணாம். பொய் சொன்னது நானும்தானே" என்றார். திங்கட்கிழமை பத்து மணிக்கு ஸ்டேஷன் வாசலில் நில். அவர் எதிரே அழுது வைக்காதே, மனுஷன் நெளிவார்.

சபையில் நீ ஒன்றை விட்டுவிட்டாய். என்னைக் காப்பாற்றத்தான் விட்டாய் என்று தெரியும். அன்றைக்கு நர்ஸம்மா ரோட்டில் கிடக்கும்போது நீ எனக்குத்தான் ஃபோன் செய்தாய். "ஃபோனை அவர்கிட்ட குடு" என்றேன். "நீங்க ஓட்டினதா சொல்லிடுங்க, உங்க கால்ல விழுறேன்" என்று அவரிடம் கெஞ்சியது நான். உன்னைத் திட்டித் திட்டியே இத்தனை வருஷம் அதை மறைத்துக்கொண்டேன். அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

திங்கட்கிழமை நானும் வருகிறேன். அடிபட்டவள் உயிரோடு இருக்கிறாளா என்றுகூட அன்றைக்கு நான் கேட்கவில்லை, தம்பி.

அக்கா