பழைய சீட்டில் வாங்கிய மாத்திரைகள்

அண்ணி,

இன்று பெட்டியை ஒழித்தபோது உங்கள் பச்சை ரவிக்கை கிடைத்தது. கம்பெனியில் மிஞ்சிய துணியை மடித்து, இடது பக்கத்துக்குள் நான் வைத்துத் தைத்தது. மார்பை எடுத்த ஆபரேஷனுக்குப் பிறகு அதைப் போட்டுப் பார்த்து, "ஏய், இந்தப் பக்கம்தான் எடுப்பா கீது" என்று சிரித்தீர்கள். நான் ஊசியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

எட்டாம் வகுப்போடு நான் நின்றதும், அம்பத்தூர் எஸ்டேட்டில் நீங்கள் தைத்த கம்பெனியிலேயே என்னையும் சேர்த்துவிட்டீர்கள். யாராவது பெயர் கேட்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "வாய்ல இன்னா கொழுக்கட்டையா வச்சிகினு கீற?" என்பீர்கள்.

உங்களுக்கு மாதவிலக்கு வந்தால் பத்து நாளானாலும் நிற்காது. மெஷின் முன்னால் உட்கார முடியாமல் போனபோது ஒரு டாக்டர் ஹார்மோன் மாத்திரை எழுதினார். மூன்று மாதம் சாப்பிட்டுவிட்டு வந்து காட்டச் சொன்னார். உதிரப்போக்கு குறைந்தது, நீங்கள் மறுபடி போகவில்லை. சீட்டு மட்டும் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. அதிகம் போகும் மாதமெல்லாம் அதே மாத்திரை. விலக்கைத் தள்ளிப்போடவும் அதுதான் என்று கடைக்காரர் சொன்ன பிறகு, ஆடியில் பால்குடம் எடுக்கவும், பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கும் அதுவே. நான்கு வருடம் கடைக்குப் போனது நான்தான். எனக்கு அது பிடித்த வேலை. பேச வேண்டியதில்லை, சீட்டை நீட்டினால் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிடுவார்.

கடைசி ஆடிக்கு ஒரு வாரம் முன்பு, குளிக்கும் தட்டி மறைவில் என் கையைப் பிடித்து உங்கள் மார்பில் வைத்தீர்கள். புளியங்கொட்டை அளவில் ஏதோ, அசையாமல்.

"இன்னா அண்ணி இது?"

"இன்னாவோ. பால்குடம் எடுத்துட்டு அப்பால பாத்துக்கலாம். உங்க அண்ணங்கிட்ட சொல்லிடாத. ஆம்பள டாக்டராண்ட இஸ்துகினு போய்டும்."

நான் சொல்லவில்லை. ஆடி போனது. தீபாவளியும் போனது.

ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வருஷக்கணக்கா இதைச் சாப்பிட்டா மார்புப் புற்று வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடலாம். உங்களுக்கு இதனாலதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாது. ஆனா கட்டி தெரிஞ்ச அன்னிக்கே வந்திருக்கணும்." பிறகு என்னைப் பார்த்தார். "இந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"அது கொயந்த. அதுக்கு ஒண்ணும் தெரியாது. மாத்திரையும் நாந்தான் வாங்குவேன்" என்றீர்கள். நான் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு வருடம்கூட நீங்கள் இருக்கவில்லை. அண்ணன் இன்னமும் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒருத்தராச்சும் எங்கிட்ட சொன்னீங்களா?" என்று சுவரைக் கேட்கிறார்.

போன வாரம் கம்பெனியில் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் அக்கா என் காதில், "மாருல ஏதோ உருளுதுடீ. யாராண்டயும் சொல்லாத, பொண்ணுக்கு நிச்சயம் வருது" என்றார். தலையாட்டத்தான் போனேன். "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போலாங்க்கா" என்று வாயில் வந்துவிட்டது.

"தோ பார்றா, டாக்டரம்மா!" என்று முறைத்தார். மறுநாள் காலை அவரே பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார்.

அதே டாக்டர்தான். அக்காவுக்குச் சோதனைக்கு எழுதிக் கொடுத்த பிறகு சொன்னேன். "அன்னிக்கு எங்க அண்ணி பொய் சொன்னாங்க டாக்டர். மாத்திரை வாங்கினது நான். கட்டியைத் தொட்டுப் பாத்ததும் நான்."

அவர் பேனாவை மூடிவிட்டு, "உக்காரும்மா" என்றார்.

இனி அண்ணனிடம் சொல்ல வேண்டும். தினமும் சோறு போடும்போது பக்கத்தில் போய் நிற்கிறேன், அண்ணி. "இன்னா?" என்று நிமிர்ந்து பார்க்கிறார். ரசம் ஊற்றிவிட்டு வந்துவிடுகிறேன்.