பூட்டிய பூங்காவும் ஆலம் விழுதும்

இன்று காலை ஜீப்பின் இருக்கைக்கு அடியில் குடையைத் தேடியபோது உன் ஸ்க்ரூடிரைவர் கைக்கு வந்தது. மஞ்சள் கைப்பிடி, முனையில் துருப்பொடி அப்படியே ஒட்டியிருந்தது. நீ போன பிறகு அதை யாரும் தொடவில்லை போலிருக்கிறது. சற்று நேரத்தில் பூங்காக்களை மூடுவது பற்றிய கூட்டம் இருந்தது. அதில் நான் ஒருத்தி மட்டும் எழுந்து மறுப்புச் சொல்லியாக வேண்டியிருந்தது.

நாம் இருவரும் ஒரே வருடம் வேலையில் சேர்ந்தோம். பாலக்கரையிலிருந்து நீ, கோட்டைப் பக்கத்திலிருந்து நான். பூங்காக்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவுக்கு இரண்டு பெண் பொறியாளர்களா என்று சிரித்தார்கள். ஊரிலுள்ள பழைய ஊஞ்சல், சறுக்கு எல்லாவற்றையும் பார்த்து, எதைச் செப்பனிடலாம், எதைக் கழற்றிவிட்டுப் புதிதாக வைக்கலாம் என்று திட்டம் போடச் சொல்லியிருந்தார்கள். அதற்காகத்தான் அன்று ஸ்ரீரங்கத்தில் காவிரிக் கரையோரம் இருந்த அந்தச் சின்னப் பூங்காவுக்குப் போனோம்.

பெரிய ஊஞ்சல் பார்வைக்குப் பளபளவென்று இருந்தது. நீ குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கம்பத்தின் அடியில் மண்ணை விலக்கி, இந்த ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்துக் குத்தினாய். பாதி உள்ளே போய்விட்டது.

"பானு, இங்க பாரு. பெயின்ட்டுதான் இதைத் தூக்கி நிறுத்தியிருக்கு."

சறுக்கின் கால்களும் அதே கதிதான். பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த நேரம். மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, அன்றே பூங்காவைப் பூட்டச் சொன்னாய். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. கேட்டுக்கு வெளியே பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நம்மையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் சாயங்காலம், கழற்றுவதற்கு அளவெடுக்க நாம் திரும்பப் போனபோது ஒரு பெண் எதிரே ஓடிவந்தாள். "என் பொண்ணைப் பாத்தீங்களா? பச்சைப் பாவாடை போட்டிருக்கும். இங்கதான் வெளையாடும்!" கேட்டில் பூட்டுத் தொங்கியது. நீ என்னைப் பார்த்தாய். மறு பேச்சில்லாமல் இருவரும் ஆற்றுப் பக்கம் ஓடினோம்.

முக்கொம்பு அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். காவிரி படித்துறையின் கீழ்ப் படிகளை மூழ்கடித்துக்கொண்டு போனது. கரையிலிருந்த ஆலமரத்தின் விழுதைப் பிடித்துக்கொண்டு பச்சைப் பாவாடைச் சிறுமி ஆடிக்கொண்டிருந்தாள். வீசி ஆடும்போது தண்ணீருக்கு மேலே. திரும்பும்போது படிக்கு மேலே. மற்ற பிள்ளைகள் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள்.

நான் கத்த வாயெடுத்தேன். நீ என் கையை இறுக்கிப் பிடித்தாய். "கத்தாத. பயந்தா விட்டுடும்."

செருப்பைக் கழற்றிவிட்டு, பாசிப் படியில் ஒவ்வொரு அடியாக இறங்கினாய். புடவை முழங்கால் வரை நனைந்தது. "நல்லா ஆடுறியே பாப்பா," என்றாய். உன் குரல் அவ்வளவு சாதாரணமாக இருந்தது. "இந்தப் பக்கம் வரும்போது என்னைப் புடிச்சுக்க, என்ன? ரெண்டு பேரும் சேந்து ஆடலாம்." அவள் சிரித்துக்கொண்டே ஒருமுறை உன்னைக் கடந்து போனாள். அடுத்த முறை வந்தபோது அவள் இடுப்பை அணைத்து இழுத்து அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாய். அதற்குப் பிறகும் அவளைப் பிடித்த பிடியை நீ விடவில்லை.

பின்னாலேயே ஓடிவந்த அம்மாக்காரி மகளை ஓர் அறை அறைந்தாள். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே உன்னிடம், "நீங்க பூட்டிட்டுப் போயிட்டீங்க மேடம். நான் வேலைக்குப் போற நேரத்துல இதை எங்க கட்டி வைக்கிறது?" என்றாள். கம்பம் துருப்பிடித்த கதையை நீ அவளிடம் சொல்லவே இல்லை.

மறுநாள் திட்டத்தையே மாற்றினாய். அந்தப் பூங்காவில் ஊஞ்சலையும் சறுக்கையும் மட்டும் தகரம் வைத்து மறைத்து, மறு பாதியைத் திறந்துவிட்டோம். மணல் கொட்டினோம். பக்கத்துப் பக்கத்துப் பூங்காக்களை ஒரே சமயத்தில் மூடுவதில்லை என்று எழுதினாய். வேலை இழுத்தது, திட்டு விழுந்தது. "திட்டினா திட்டட்டும்," என்றாய். போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும், "அந்தப் புதுச் சறுக்கு வந்துடுச்சா?" என்றுதான் கேட்டாய். வந்துவிட்டது. உனக்குத்தான் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

இன்றைய கூட்டத்தில் புது அதிகாரி, "எல்லாப் பூங்காவையும் ஒரே நேரத்துல மூடினாத்தான் சீக்கிரம் முடியும். பிள்ளைங்க கொஞ்சம் பொறுத்துக்காதா?" என்றார்.

எழுந்தேன். "பொறுத்துக்காது சார். வேற இடம் தேடிக்கும். ஆத்துல தண்ணி போகுது."

"தாமதமானா நீங்க பதில் சொல்வீங்களா?" என்று அதிகாரி கேட்டார். சொல்கிறேன் என்றேன். என் பெயரைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக மூட ஒப்புக்கொண்டார்.

அந்தச் சாயங்காலத்துப் பயம் என்னை விட்டுப் போகவே இல்லை. எந்தப் பூங்காவின் வரைபடத்தை விரித்தாலும், ஊஞ்சலைப் பார்க்கும் முன்பே சுற்றிலும் என்ன இருக்கிறது என்று கண் தேடுகிறது. முதலில் மூடப்போகும் பூங்காவுக்குப் பின்னால் ஒரு பாழுங்கிணறு இருக்கிறது. நாளைக் காலை அங்கே போகிறேன். கிணற்றுக்குக் கம்பி வலை போட்டு முடித்த பிறகுதான் கேட்டுக்குப் பூட்டு.