குமட்டல் நின்ற மூன்று நாள்

அன்புள்ள அம்மா,

உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பாவின் இருமல் விட்டதா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இது ஏழாவது வாரம்.

ஓட்டல் சலவை அறையில் சோப்புத்தூள் வாசனை பட்டாலே எனக்குக் குமட்டுகிறது என்று எழுதியிருந்தேன் அல்லவா? மூன்று நாளாகக் குமட்டவே இல்லை. போன தடவையும் முதலில் இதுதான் நின்றது. அதனால் நேற்று தூள் மூட்டையைப் பிரித்து முகத்தை உள்ளே விட்டுப் பார்த்தேன். தும்மல்தான் வந்தது. மேற்பார்வை பார்க்கும் அக்கா, "என்னடி, பவுடர் போட்டுக்கிறியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நர்ஸிடம் கேட்டதற்கு, "சில நாள் வரும், சில நாள் வராதும்மா. பயப்படாதே" என்றார். வெள்ளிக்கிழமை ஸ்கேன். உன் மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. தனியாகப் போய்விடுவேன்.

உன் பழைய புடவை ஒன்று அனுப்பு. துவைக்காமல் அனுப்பு.

வேலைக்கு நேரமாகிவிட்டது. போன தடவை தைத்த சின்னச் சட்டையை யாருக்கோ கொடுத்துவிட்டதாகச் சொன்னாய். கொடுத்திருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். அது பெட்டியிலேயே இருக்கட்டும் அம்மா. இப்போதைக்கு வெளியே எடுக்காதே.

உன் மகள்