ஈயப் பற்று

ஜனவரி 9

தங்கை பட்டறைக்கு வந்து மாப்பிள்ளையின் குட்டி ரயில் என்ஜினைக் கொடுத்துவிட்டுப் போனாள். தையல் கடை வைத்திருப்பவருக்கு இது ஒன்றுதான் பைத்தியம். முழங்கை நீளம்தான் என்றாலும் நெருப்பு, தண்ணீர், நீராவி எல்லாம் நிஜம். பாய்லர் மேல் வால்வு திருகும் பித்தளை வளையத்தருகே ஊசிமுனை அளவு ஒழுகல். முறையாகச் செய்தால் எல்லாவற்றையும் கழற்றி, பாய்லரையே சிவக்கக் காய்ச்சி, வெள்ளி வைத்துப் பற்றவைக்க வேண்டும். இரண்டு நாள் வேலை. அவரோ ஞாயிற்றுக்கிழமை ஓட்டியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்.

ஜனவரி 10

ஈயம் வைத்து அடைத்துவிட்டேன். பத்து நிமிடம். மேலே கறுப்புப் பெயின்ட் தொட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பிறகு சாவகாசமாகச் சரி செய்துகொள்ளலாம். தண்ணீர் நிரப்பிக் கைப் பம்பால் இரட்டை அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் சோதனை — செய்யவில்லை. அதில் பிய்த்துக்கொண்டு வந்தால் மறுபடி முதலிலிருந்து.

ஜனவரி 12

வளையம் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. வால்வைத் திறக்கத்தான் கை வைத்தார். ஆவி முழுக்க வலது கையில். கத்தக்கூட இல்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டார். துணி வெட்டும் கை. கடவுளே.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை கேட்டாள். "எப்படிண்ணா ஆச்சு?"

"தண்ணி கொறஞ்சு பாய்லர் காஞ்சிருக்கும்மா. கவனிச்சிருக்க மாட்டாரு."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. தானாகவா? யாருக்குடா காது குத்துகிறாய்?

ஜனவரி 20

கட்டு மாற்றும்போது கூடவே இருந்தேன். பார்த்ததை எழுத மாட்டேன்.

"தப்பு என்னோடதுதான் மச்சான். கண்ணாடிக் குழாய்ல தண்ணி பாதிக்கு மேல நின்ன மாதிரிதான் ஞாபகம். நான்தான் சரியா பாக்கல போல" என்றார்.

பாதிக்கு மேல்தான் நின்றது. நானும் பார்த்தேன்.

பிப்ரவரி 16

இரண்டு விரல்கள் மடங்கவில்லை. இனி மடங்காது என்கிறார் டாக்டர். கத்திரிக்கோல் பிடிக்க முடியாது. கடையில் தங்கை தனியாக உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறாள். நான் போனதும் அவரைத்தான் திட்டினாள். "தண்ணி இருக்கா இல்லையான்னு பாக்கக்கூடத் தெரியாத மனுஷன்!" அவர் அசட்டுத்தனமாகச் சிரித்தார். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கக் கூடாதா?

பிப்ரவரி 23

என்ஜினைச் சரி பண்ணித் தரச் சொல்கிறார். "வேற யார்கிட்டயும் குடுக்க மாட்டேன். நீங்க தொட்டாத்தான் எனக்கு நம்பிக்கை."

பாய்லர் இப்போது என் மேசைமேல். பிய்ந்த விளிம்பில் ஈயம் சாம்பல் நிறத்தில் பல்லிளிக்கிறது. இதை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் காட்டினால் போதும், ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. சரி செய்ய ஆரம்பித்தால் முதல் வேலையே ஈயத்தைத் துளிகூட விடாமல் சுரண்டுவது. இல்லாவிட்டால் வெள்ளி பிடிக்காது. சுரண்டிவிட்டால் அப்புறம் காட்ட என்ன இருக்கிறது?

நாளைக்குக் காட்டிவிடுகிறேன். நிச்சயமாக.

மார்ச் 2

காட்டவில்லை.

மார்ச் 9

சுரண்டிவிட்டேன். காகிதத்தில் தூளை மடித்து, குப்பையில் போட்டு, மறுபடி எடுத்து, மறுபடி போட்டேன். பிறகு வெள்ளி வைத்தேன். இரட்டை அழுத்தத்தில் இருபது நிமிடம், முள் அசையவே இல்லை. இவ்வளவு நல்ல பற்று நான் வாழ்நாளில் வைத்ததில்லை. படுபாவி.

மார்ச் 30

என்ஜினைக் கொடுக்கப் போனேன். பட்டறையில் போட்டுக்கொள்ள எனக்கு ஓர் ஏப்ரன் தைத்து வைத்திருந்தார். இடது கையால் தைத்த முதல் துணி. தையல் கோணல்மாணலாக ஓடுகிறது. நெஞ்சருகே ஸ்பேனருக்கு ஒரு பை.

"சிரிக்காதீங்க மச்சான்."

போட்டுக்கொண்டேன். கொல்லைப்புறத் தண்டவாளத்தில் என்ஜினை வைத்தோம். நெருப்பு மூட்டும் முன் குனிந்து கண்ணாடிக் குழாயைப் பார்த்தார். நிமிர்ந்தார். தங்கை ஜன்னலில் நிற்பதைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்.

"தண்ணி இருக்கு மாப்பிள்ளை. போதும்."

"இருங்க மச்சான், இன்னொரு தடவ பாத்துடறேன்."