மேலே போகும் எலக்ட்ரான்கள்

உன் லேப்டாப்பைத் திறந்தால் இப்போது சாம்பிராணி மணக்கிறது. விசைகளுக்கு இடையில் விபூதி. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. இதை வேறு யாரிடம் சொல்வது? உன்னிடமே சொல்கிறேன்.

போன கோடை விடுமுறையில் கண்டனூரில் உங்கள் பெரிய வீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நாம் இருவரும் வேலை பார்த்தோமே. கல்யாணத்துக்கு மட்டும் திறக்கும் வீடு. காரைக்குடியில் நம் கல்லூரி ஆய்வகத்து மின்விசிறிச் சத்தம் மூளையைத் தின்கிறது என்று நீதான் என்னை இழுத்துக்கொண்டு போனாய். வியாழனைச் சுற்றும் விண்கலம் அனுப்பிய அளவுகள் எல்லோருக்கும் திறந்து கிடந்தன. அதில் பதிவான அலைகளை ஒலியாக மாற்றி, உள் வளவு முற்றத்தில் ஸ்பீக்கரில் போட்டாய். பட்டப்பகல்தான். ஆனாலும் அந்த ஊளையும் சீழ்க்கையும் தூண்களுக்கு நடுவே சுற்றியபோது நான் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து வைத்தேன். நீ பாட்டுக்கு முறுக்கு தின்றுகொண்டிருந்தாய்.

நாம் வகுப்பில் சொல்லும் கதை எளிது. காந்தப்புலக் கோட்டின் வழியே ஒரு மின்னழுத்தம் எலக்ட்ரான்களைக் கீழே தள்ளும். அவை கோளின் காற்றில் மோத, துருவத்தில் ஒளி எழும். ஒரே உயரத்திலிருந்து விழுந்தவைபோல ஏறக்குறைய ஒரே வேகத்தில் வரும். வியாழனிலும் அப்படி நடப்பதுண்டு. ஆனால் ஒளி மிகப் பிரகாசமாக இருந்த இடத்தில் உன் வரைபடம் வேறு சொன்னது. எல்லா வேகத்திலும் எலக்ட்ரான்கள். கீழே போகிற அளவுக்கு மேலேயும் போயின.

"தள்ளலடி, ஆட்டுது," என்றாய். துணி காயும் கொடிக்கயிற்றை ஒரு முனையில் பிடித்து உதறிக் காட்டினாய். புலக்கோட்டில் ஓடும் அலை, அகப்பட்டதையெல்லாம் இரண்டு பக்கமும் வீசும் என்றாய்.

நான் ஒப்பவில்லை. "மேல போறதாத் தெரியிறது, கருவியோட சுவரைத் துளைச்சுட்டு வந்ததுடி. எங்குட்டிருந்து வந்தாலும் கருவி சேத்து எண்ணிரும்."

அந்தக் கோபத்திலேயே சில நாள் லேப்டாப்பும் கையுமாக இருந்தாய். அந்தப் பொய் எண்ணிக்கையைக் கழிக்க ஒரு நிரல் எழுதினாய். கழித்த பிறகும் மேலே போவது மிஞ்சினால் மட்டும் அது ஒலி எழுப்பும். இல்லையென்றால் வாயைத் திறக்காது. "அப்ப ஒத்துக்குவியா?" என்றாய். அதை ஓட்டிப் பார்க்கும் முன் காய்ச்சல் என்று படுத்தாய், எழுந்திருக்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லையடி.

நேற்று உனக்குப் படைப்பு. இலை போட்டு, கதவைச் சாத்திவிட்டு, இறந்துபோனவர் வந்து சாப்பிடட்டும் என்று வெளியே நிற்பது உங்கள் வீட்டு வழக்கம். நான் காலையில் உன் லேப்டாப்பில் அந்த நிரலை ஓடவிட்டு, முடிய நேரமாகும் என்று மூடாமல் வைத்துவிட்டு, வாழைக்காய் நறுக்கப் போனேன். உனக்குப் பிடித்ததெல்லாம் உள்ளே இருக்க வேண்டும் என்று, உன் சித்தப்பா அதையும் ஸ்பீக்கரோடு கொண்டுபோய் உனக்கு வைத்த புதுச் சேலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். எனக்குத் தெரியவரும்போது சாம்பிராணி காட்டிக் கதவைச் சாத்தியாயிற்று.

"எல்லாரும் இங்குட்டு வந்துருங்க. பிள்ளை சாப்புடட்டும்," என்றார்.

வெளியே நின்றோம். அப்போது உள்ளேயிருந்து அந்த ஊளை எழுந்தது. முதலில் மெல்ல, பிறகு வீடு முழுக்க. உன் அத்தை என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். சித்தப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வந்துட்டா. என்னமோ சொல்றா. உனக்கு வெளங்குதா ஆத்தா?" என்று என்னைக் கேட்டார்.

விளங்கியது. கழித்த பிறகும் மேலே போவது மிஞ்சியிருக்கிறது என்று அங்கிருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் விளங்கியது. அதனால் பயம் குறையவில்லை, கூடியது.

"அழுகாதீக சித்தப்பா. அவ சொன்னதுதான் சரின்னு சொல்றா," என்றேன்.

ஒலி நின்றது. கதவைத் திறக்க என்னைத்தான் அனுப்பினார்கள். உள்ளே இருப்பது ஒரு நிரலும் கொஞ்சம் எண்களும்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், தாழ்ப்பாளில் கை வைக்கும் முன் தட்டினேன். நீ ஏதாவது சொல்வாய் என்று நின்றேன். இதை எழுதும்போதும் என் ஒரு காது அங்கேதான் இருக்கிறது.