நீ பார்த்துச் சொல்வதாக இருந்த சோனார்

இந்நேரத்துக்கு எழுதுகிறேன், மன்னித்துக்கொள். பாப்பா தூங்கவே பதினொன்று தாண்டிவிட்டது. அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நேரங்கெட்ட நேரத்தில் எழுதினால் நீ ஒன்றும் சொல்லமாட்டாய். ஆனாலும் மன்னிப்புக் கேட்டுத்தான் உனக்கு எழுதிப் பழக்கம்.

இன்று சாயங்காலம் பாப்பாவுக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, வாட்ஸப்பில் உனக்கு அனுப்பியிருந்த செய்திகளில், படித்ததைக் காட்டும் நீல டிக் விழுந்தது. ஒரு மாதமாகச் சாம்பல் நிறத்தில் கிடந்த ஏழு செய்திகளும் ஒன்றாக நீலமாயின. எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல! “வந்துட்டியா மகாராணி? இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுச்சா?” என்று உடனே தட்டிவிட்டேன். அதுவும் நீலமானது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அணைக்கப் போவதற்குள் உன் எண்ணிலிருந்து அழைப்பு.

எடுத்ததும், “எங்கடி போய்த் தொலஞ்ச?” என்றேன்.

 மறுபக்கம் ஒரு பெரிய மனுசியின் குரல். “ஆத்தா, நீ யாருத்தா? இதுல மீன்காரின்னு பேரு போட்டிருக்கு.”

உன் அம்மா. கல்லூரி நாட்களில் உன் டிபன் பாக்ஸ் வழியாக மட்டுமே எனக்குத் தெரிந்த அம்மா. நான் பெயரைச் சொன்னேன். தேனியில் உன்னோடு படித்தவள் என்றேன்.

“அவ இல்லத்தா,” என்றார்கள். “மூணே நாள் காச்சலு. கொச்சியிலயே எல்லாம் முடிஞ்சுபோச்சு. நேத்துத்தான் முப்பது கும்பிட்டோம். போனு பூட்டியே கெடந்துச்சு, இன்னைக்குத்தான் அவ தம்பி தொறந்து குடுத்தான். ஒவ்வொருத்தருக்கா சொல்லிக்கிட்டு வாரேன். மீன்காரின்னு இருக்கவும், உள்ள படகு, மெஷினுன்னு இருக்கவும், வியாபார ஆளு போலன்னு உன்னையத் தாண்டிப் போயிட்டேன்த்தா. மகாராணின்னு வரவுந்தான் இது வியாபாரம் இல்லன்னு தெரிஞ்சுச்சு.”

 அந்த ஏழு செய்திகளில் கடைசி மூன்றும் வசவு. “பெரிய எடத்துல இருக்கீக, எங்களுக்கெல்லாம் பதில் சொல்லுவீகளா” என்று ஒன்று. அதை உன் அம்மா படித்திருக்கிறார்கள். உன் முப்பதாம் நாளுக்கு மறுநாள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறார்கள்.

மீன்காரி என்று எனக்குப் பேர் வைத்தது நீதான். படிப்பு முடிந்ததும் நீ மலை தாண்டிப் போய்ப் படகுகளுக்குக் கருவி விற்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தாய். பழனிசெட்டிபட்டியில் கடைத்தெருவுக்கு நடுவில் வளர்ந்த நான் வைகை அணைக்கரையில் வாழ்க்கைப்பட்டேன். மாப்பிள்ளை அணையில் மீன் பிடிக்கிறார், தண்ணீர் வற்றினால் அதே அணைக்குள் விவசாயம் செய்கிறார் என்றபோது நீ நம்பவில்லை.

“தண்ணிக்குள்ள விவசாயமா? அளக்காத புள்ள.”

“வத்துனா தரை தெரியும்ல? அதுல உளுந்து, கம்பு போடுவாக. மழை பேஞ்சு தண்ணி ஏறுனா திரும்ப மீனு.”

“அப்ப உன் வீட்டுக்காரரு உழுத காட்டுலயே வலையும் போடுறாரு. மேல கீழ ரெண்டு வெள்ளாமை! நீ பொழச்சுக்கிருவடி மீன்காரி.”

அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பு இந்தத் தை மாதத்தில் நின்றது. போன கோடையில் அணை வற்றியபோது இவர் எங்கள் காட்டில் கல் பொறுக்கினார். பொறுக்கிய கல்லையெல்லாம் மேடான ஒரு மூலையில் ஆள் உயரத்துக்கு மேல் குவித்தார். அப்புறப்படுத்துவதற்குள் மழை முந்திக்கொண்டது, தண்ணீர் ஏறி மூடிவிட்டது. இங்கே எல்லோரும் காட்டை மனசில் வைத்துத்தான் படகு ஓட்டுவார்கள். இது மாமா காடு, அது சித்தப்பா கிணறு என்று, தண்ணீர் மேலேயே வரப்புத் தெரிவதுபோலப் பேசுவார்கள். இவரும் அப்படித்தான் புதுப் படகில் மோட்டாரை முழு வேகத்தில் விட்டுக்கொண்டு போனார். இவர் மனசில் இருந்தது கல் பொறுக்கி முடித்த சுத்தமான காடு. அந்தக் குவியல் அதில் இல்லை. தான் குவித்த கல்லிலேயே போய் மோதினார். முழங்காலுக்குக் கீழே ஒன்பது தையல்.

“ஏலே, நீ பொறுக்குன கல்லு உன்னைய மறக்கலடா,” என்று பங்காளிகள் கட்டிலைச் சுற்றி நின்று சிரித்தார்கள். இவரும் சிரித்தார். நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அன்று பாப்பாவும் போவதாக இருந்தது. போனால் படகின் முன்பலகையில்தான் உட்காருவாள். முதல்நாள் ராத்திரி அவளுக்குச் சளி பிடித்துக்கொண்டது, அதனால் அனுப்பவில்லை. என் புத்தியோ என் பயமோ அவளைக் காப்பாற்றவில்லை. சளி காப்பாற்றியது.

அந்த வாரமே உன்னைக் கூப்பிட்டேன். தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, எதிரொலியை வைத்து உள்ளே இருப்பதைக் காட்டும் சோனார் ஒன்று வாங்கும் யோசனையில் இவரும் பங்காளிகளும் ஏற்கெனவே இருந்தார்கள், மீன் இருக்கிற இடம் தெரிவதற்காக. ஸ்பீக்கரில் போட்டதும் நீ கடைக்காரியாகிவிட்டாய்.

“அண்ணே, எத்தனை அடித் தண்ணியில ஓட்டுறீக?”

“அணை நெறஞ்சா எழுவது. நம்ம காட்டுப் பக்கம் இப்ப பத்து, பன்னெண்டு.”

“அப்ப ஆயிரம் அடி பாக்குற மெஷினை எதுக்குக் கேக்குறீக? அது கடலுக்கு.”

“வாங்குறதே வாங்குறோம், பெருசா வாங்குவோம்னு பங்காளிக சொல்றாக.”

“பாதாளத்துல இருக்குற மீனைப் பிடிச்சு என்னண்ணே செய்யப் போறீக?”

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, போன வருடம் வாங்கிய சின்ன மெஷினைப் பற்றிப் புகார் சொன்னார். “திரை பூரா மீனு மீனாக் காட்டுச்சும்மா. வலையப் போட்டா ஆகாயத்தாமரை வேரு.”

“அது எதைப் பாத்தாலும் மீன் பொம்மை போடும்ணே. வேரும் மீனுதான், பிளாஸ்டிக் பையும் மீனுதான். உங்க வேட்டி தண்ணிக்குள்ள கெடந்தா அதையும் கெண்டைன்னு சொல்லும். பொம்மை போடாம, திரும்பி வர்ற எதிரொலிய அப்படியே காட்டுறதா எடுங்க.”

கடைசியில் இரண்டு மெஷின் நின்றது. ஒன்று படகுக்கு முன்னால் பார்ப்பது. மீன் நீந்துவதை அந்த நொடியே காட்டும். ஆனால் குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி, திருப்பிய பக்கம் மட்டும்தான் தெரியும் என்றாய். இன்னொன்று பக்கவாட்டில் பார்ப்பது. படகு போகப் போக இரண்டு பக்கத்துத் தரையையும் படமாக வரைந்துகொண்டே வரும், கல், மரத்தூர், கிணற்றுச் சுவர் எல்லாம் நிழலோடு விழும். இரண்டையும் சேர்த்து மாட்ட எங்கள் படகு பேட்டரி தாங்காது. நேராகக் கீழே மட்டும் பார்க்கிற சாதா மெஷினை நீ பேச்சிலேயே சேர்க்கவில்லை. “பத்தடித் தண்ணியில அது ஒரு பாய் அகலந்தான் பாக்கும். கல்லு திரைக்கு வர்றப்ப நீங்க கல்லு மேல நிப்பீக.”

இவருக்கு மீன் நீந்துவது தெரிய வேண்டும். சினிமா மாதிரி இருக்குமாம். பிடிவாதமாக நின்றார். அப்போதுதான் நீ, “புள்ள, ஸ்பீக்கரை அமத்து,” என்றாய். நான் முற்றத்துக்கு வந்தேன்.

“உனக்கு எதுக்குப் பயம்? சரியாச் சொல்லு.”

இதே கேள்வியை நீ முன்பும் கேட்டிருக்கிறாய். கல்லூரி மூன்றாம் வருடம், வீரபாண்டித் திருவிழாவில், ராட்டினத்துக்கு அடியில் நான் வேர்த்து நின்றபோது எல்லோரும் “ஒண்ணும் ஆகாது, ஏறு” என்றார்கள். நீ மட்டும், “உயரத்துக்கா பயம், சுத்துறதுக்கா, கம்பி கழண்டுருமுன்னா?” என்றாய். யோசித்தால் எனக்குக் கம்பிதான் பயம். நீ நேராகப் போய் ராட்டினக்காரரை அந்தக் கம்பியை ஆட்டிக் காட்டச் சொன்னாய். “ஏம்மா, நீ இன்சினீயரா?” என்று எரிந்து விழுந்தார். “இல்லண்ணே, பிசிக்ஸு. அரை இன்சினீயரு.” வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள், அந்தக் கம்பியைத் தாங்களும் ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்கள். நானும் ஏறினேன்.

முற்றத்தில் நின்று உனக்குச் சொன்னேன்: “மீனு கெடைக்காட்டி கூடப் பரவால்ல. கல்லு எங்கன இருக்குன்னு தெரியணும்.”

“அப்ப நீ தேடுறது மீன் பாக்குற மெஷினே இல்லடி. தரை பாக்குற மெஷினு. அண்ணன்கிட்ட சொல்லு, வாங்குனதும் வலையப் போடாம, காட்டை உழுகுற மாதிரி மேலயும் கீழயும் மெதுவா ஓட்டச் சொல்லு. படம் உள்ள தங்கிரும். பெறகு எந்தக் கல்லும் ஒளிய முடியாது.”

நான் வாங்கத் தயாராகிவிட்டேன். நீதான் நிறுத்தினாய். “இருடி, அவசரப்பட்டு வாங்கிறாதீக. உங்க படகுக்கு ஒண்ணு பாக்கணும். பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்.”

அதுதான் உன் கடைசிப் பேச்சு. மறுநாள் உனக்குக் காய்ச்சல் ஆரம்பித்திருக்கிறது, எனக்குத் தெரியாது.

தேனிக் கடைக்காரர் இரண்டு முறை கூப்பிட்டுக் கேட்டார். “ஒரு ஆளு சொல்லணும், பொறுங்க,” என்றேன். இவர் பொறுமை இழந்து, ஏதோ ஒன்றை எடுத்துவிடலாம் என்றார். “அவ சொல்லட்டும்,” என்று நான்தான் மறித்தேன். பங்குனி வெயிலில் தண்ணீர் நாளுக்கு நாள் இறங்குகிறது. கல் ஒவ்வொரு நாளும் படகின் அடிக்குப் பக்கத்தில் வருகிறது. தையல் பிரித்த காலோடு இவர் தினமும் விடிவதற்கு முன்னால் போகிறார். அந்தக் குவியல் ஒன்று இவருக்குத் தெரியும், மற்றவர்கள் எங்கெங்கே குவித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? இத்தனையும் தெரிந்துகொண்டே, நீ இல்லாத ஒரு மாதம் முழுக்க, உன் ஒரு வார்த்தைக்காக நான் அவரை அப்படியே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.  உனக்காக அழ வேண்டும், ஆனால் அழுகை இன்னும் வரவில்லை. இந்த ஒரு மாதத்தை நாள் நாளாகத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உன் அம்மா போனை வைப்பதற்கு முன்னால் கேட்டார்கள், “உங்கிட்ட அவ என்னத்தா பேசுவா? எங்ககிட்ட போனு பண்ணுனா ரெண்டு வார்த்தைதான்.”

“மெஷினைப் பத்தித்தாம்மா.”

“மெஷினைப் பத்தியா? இத்தனை நேரமுமா?” என்றார்கள். போனில் அழைப்புகளின் நீளத்தைப் பார்த்திருப்பார்கள் போல.

இவரிடம் சாப்பிடும்போது சொன்னேன். “எந்தப் புள்ள? பாதாளம்னு கேலி பேசுச்சே, அந்தப் புள்ளயா?” என்றார். பாதிச் சோற்றில் கை கழுவினார். ஒரு தடவைகூட உன்னை நேரில் பார்த்ததில்லை அவர். படுக்கப் போகும்போது, “நாளைக்கு நான் தண்ணிக்குப் போகல. கடைக்குப் போவோம். அந்தப் புள்ள சொன்ன தரை பாக்குற மெஷினே எடுப்போம், உழுவோம்,” என்றார். எத்தனை சண்டை போட்டேன் இந்த வார்த்தைக்கு! கிடைத்தபோது அடித்ததுபோல் இருந்தது.

“அவ இன்னும் முடிவாச் சொல்லலையே. படகுக்கு என்னமோ பாக்கணும்னா.”

“இனி யாரு வந்து சொல்லுவா? நீயும் அதே பிசிக்ஸுதான படிச்ச?”

அவர் தூங்கிவிட்டார். நான் நீ அனுப்பிய படங்களையெல்லாம் திறந்து வைத்து உட்கார்ந்தேன். எதைப் பார்க்க இருந்தாய்? முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு, எனக்கு எதுக்குப் பயம் என்று என்னையே கேட்டேன். நீ என்னிடம் விட்டுப்போனது அந்தக் கேள்விதான், இனிமேல் நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். மெஷின் சரியாக இருந்தும் கல் தெரியாமல் போவதுதான் எனக்குப் பயம். எப்போது தெரியாமல் போகும்? ஒலி தரைக்குப் போய்ச் சேராதபோது. வழியில் காற்றுக் குமிழி இருந்தால் ஒலி அதில் பட்டே திரும்பிவிடும். எங்கள் படகு தட்டையான அடி, பின்னால் மோட்டார் தண்ணீரை நுரையாக்கும். ஒலியை அனுப்பி வாங்குகிற உணரியைக் கடைக்காரர் பின்பலகையில், மோட்டாருக்குப் பக்கத்தில்தான் திருகுவேன் என்றார். அங்கே வைத்தால் பாதி நேரம் அது நுரையைத்தான் பார்க்கும். நீ பார்க்க இருந்தது இதைத்தானா?

படகின் பக்கவாட்டு விளிம்பில், மோட்டாருக்கு நன்றாக முன்னால், உணரியை ஒரு கம்பியில் தொங்கவிட்டுப் படகின் அடிமட்டத்துக்குக் கீழே இறக்கலாம் என்று நினைக்கிறேன். வரைந்து பார்த்தேன். சரியாகத்தான் படுகிறது. ஆனால் நான் சரி என்று நினைத்து ஒன்றைச் செய்து ரொம்ப நாளாகிவிட்டது, உன்னைக் கேட்டுத்தான் செய்வேன். அந்தப் படத்தையும் இதோடு அனுப்புகிறேன்.

கடை பத்து மணிக்குத் திறக்கும். ஒன்பது மணி பஸ்ஸுக்குக் கிளம்புகிறோம். மெஷின் வந்து, காடு முழுக்க ஓட்டி, படம் விழுந்து முடிகிறவரை பாப்பாவை அந்தப் படகில் ஏற்றமாட்டேன். உணரியை நான் சொன்ன இடத்தில் வைக்கலாமா, அதை மட்டும் சொல். சீக்கிரம் பதில் போடு.